பொட்டாசியத்துக்கு 2, 8, 9 ஏன் தப்பு? எலக்ட்ரான் அமைப்பு எழுதப் பழகும் வழி

பிளஸ் ஒன்னில் முதல் மாதத் தேர்வு வேதியியல் தாளில் எனக்கு இரண்டு சிவப்பு வட்டம் விழுந்தது. ஒன்று பொட்டாசியம். அணுக்கருவைச் சுற்றியுள்ள கூடுகளில் உள்ளிருந்து வெளியே 2, 8, 9 எலக்ட்ரான் என்று எழுதியிருந்தேன். மூன்றாவது கூட்டில் 18 எலக்ட்ரான் கொள்ளும் என்று பத்தாவது வரை படித்ததை நம்பி எழுதியது. இன்னொன்று இரும்பு 2+ அயனி. ஏன் தப்பு என்று கேட்டேன். "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணிக்கோ" என்று பதில் வந்தது. பண்ணிக்கொண்டேன். இரண்டு வருடம் அதிலேயே வண்டி ஓடியது. கல்லூரி முதலாண்டில் ஈயத்துக்கு எலக்ட்ரான் அமைப்பு எழுதச் சொன்னபோதுதான் குடை சாய்ந்தது.

இந்த வருடம் எதிர்வீட்டு மாடியிலிருந்து பிளஸ் ஒன் படிக்கும் பெண் நோட்டோடு வந்து நின்றாள். "அக்கா, மூணாவது கூட்டுல பதினெட்டு கொள்ளும்னு அவங்களே சொல்றாங்க. ஒன்பது போட்டா தப்புன்னும் அவங்களே சொல்றாங்க." நோட்டைத் திருப்பினால் அதே பொட்டாசியம், அதே சிவப்பு வட்டம்.

அவளோடு மூன்று மாலை உட்கார்ந்ததைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன். பிளஸ் ஒன்னில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும், நீட் எழுதப் போகிறவர்களுக்கும், பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்து மாட்டிக்கொண்ட பெற்றோருக்கும் இது போதும். அணு மாதிரிகளின் வரலாறு எதுவும் இதில் கிடையாது.

ஒரு குறிப்பு: கூட்டுக்குள் இருக்கும் உள்கூடுகளின் பெயர்களை இங்கே எஸ், பி, டி, எஃப் என்று தமிழில் எழுதியிருக்கிறேன். விடைத்தாளில் வழக்கமான ஆங்கிலச் சிறிய எழுத்துகளையே போடுங்கள். இலங்கைப் பாடநூல் வைத்திருப்பவர்கள் எலக்ட்ரான் என்று வரும் இடத்தில் இலத்திரன் என்று படித்துக்கொள்ளுங்கள்.

1. தேவையானவை, செலவு, நேரம்

தனிம வரிசை அட்டவணைத் தாள் ஒன்று. மேப் விற்கும் ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கும். நான் வாங்கியது 10 ரூபாய். சுவரில் மாட்டும் லேமினேட் செய்த படம் வேண்டாம். அழகாக இருக்கும், ஆனால் அதன் மேல் பென்சிலால் கிறுக்க முடியாது. இந்த வேலையில் பாதி கிறுக்கல்தான்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டு ஒன்று. நான்கு நிறத்தில் கலர் பென்சில்.

பாடப்புத்தகம் கையில் இல்லையென்றால் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் 11ஆம் வகுப்பு வேதியியல் முதல் தொகுதியை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டாவது அலகும் மூன்றாவது அலகும்தான் இதற்கு வேண்டியவை. இதற்கென்று தனியாக கைடு வாங்காதீர்கள்.

அட்டவணை வாங்கும்போது கடைசி வரிசையைப் பாருங்கள். 113, 115, 117, 118 ஆகிய நான்கு தனிமங்களுக்கு 2016இல்தான் பெயர் வைத்தார்கள். அந்தக் கட்டங்களில் மூன்றெழுத்துத் தற்காலிகக் குறியீடு இருந்தால் அது பழைய சரக்கு. எலக்ட்ரான் அமைப்புக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் தொகுதி எண் (மேலிருந்து கீழாக வரும் பத்திகளின் எண்) 1 முதல் 18 வரை நேராகப் போட்டிருக்க வேண்டும். பழைய தாள்களில் ரோமன் எண்ணோடு ஏ, பி என்று சேர்த்துப் போட்டிருப்பார்கள். அதை வைத்துப் பழகினால் நடுவில் குழம்பும்.

நேரம்: முதல் நாள் ஒன்றரை மணி நேரம் (படி 2 முதல் 4 வரை). இரண்டாம் நாள் ஒரு மணி நேரம் (5, 6). மூன்றாம் நாள் இரண்டு மணி நேரம் (மற்றதெல்லாம்). ஒரே நாளில் முடிக்க நினைத்தால் அயனி வரும்போது கண்ணைக் கட்டிவிடும். எங்களுக்குக் கட்டியது.

2. முதலில் எண்ணுங்கள்

எழுதத் தொடங்கும் முன் எத்தனை எலக்ட்ரான் என்று ஓரத்தில் குறித்துவிடுங்கள். நடுநிலை அணுவில் அணு எண் எவ்வளவோ அத்தனை எலக்ட்ரான். அணு நிறையைப் பார்க்கவே வேண்டாம். குளோரினுக்கு 35.5 என்பதைப் பார்த்து 35 எலக்ட்ரான் போட்டவர்களை எனக்குத் தெரியும். குளோரினுக்கு 17தான்.

அயனி என்றால் 2+ என்பது இரண்டு எலக்ட்ரான் போய்விட்டது, 2− என்பது இரண்டு கூடுதலாக வந்திருக்கிறது. கூட்டல் குறியைப் பார்த்ததும் கை கூட்டத்தான் போகும், எல்லோருக்கும். எலக்ட்ரானுக்கு எதிர் மின்சுமை. அது வெளியேறினால்தான் அணு நேர்மின் பக்கம் சாயும். சல்ஃபைடு 2− அயனியில் 16 + 2 = 18. அலுமினியம் 3+ அயனியில் 13 − 3 = 10.

எழுதி முடித்ததும் எலக்ட்ரான் எண்ணிக்கையாக மேலே போட்ட சின்ன எண்களையெல்லாம் கூட்டி, ஓரத்தில் குறித்த எண்ணோடு ஒத்துப் பாருங்கள். பத்து விநாடி வேலை. என் தவறுகளில் பாதியை இந்தப் பத்து விநாடி பிடித்திருக்கும்.

3. கொள்ளளவு வேறு, நிரப்பும் வரிசை வேறு

கூடுகளுக்கு 1, 2, 3, 4 என்று எண். ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் உள்கூடுகள். முதல் கூட்டில் எஸ் மட்டும். இரண்டாவதில் எஸ், பி. மூன்றாவதில் எஸ், பி, டி. நான்காவதில் எஃபும் சேரும்.

உள்கூடு என்பது ஆர்பிட்டால்களின் தொகுப்பு. எஸ்ஸில் 1, பி-யில் 3, டி-யில் 5, எஃபில் 7. ஒரு ஆர்பிட்டாலில் அதிகபட்சம் 2 எலக்ட்ரான். ஆக எஸ் 2, பி 6, டி 10, எஃப் 14. கூட்டிப் பார்த்தால் கூடுகளின் கொள்ளளவு 2, 8, 18, 32 என்று வரும்.

ஆர்பிட்டால் என்றதும் ஒன்பதாம் வகுப்புப் படத்தில் போட்ட வட்டப்பாதை நினைவுக்கு வந்தால் ஒதுக்கிவிடுங்கள். அந்த வட்டங்கள் எண்ணிக்கைக்காகப் போட்டவை. எலக்ட்ரான் அந்தக் கோட்டில் ஓடவில்லை. அது இருக்க வாய்ப்பு மிகுந்த பகுதிதான் ஆர்பிட்டால். எஸ் உருண்டை, பி டம்பெல் வடிவம். இந்த அத்தியாயத்துக்கு வடிவம் இவ்வளவு தெரிந்தால் போதும்.

இப்போது பொட்டாசியம். மூன்றாவது கூட்டில் 18 கொள்ளும் என்பது உண்மை. ஆனால் 18 என்பது அந்தக் கூட்டின் கொள்ளளவு மட்டுமே. அது முழுக்க நிரம்பிய பிறகுதான் நான்காவது கூடு திறக்கும் என்று எந்த விதியும் இல்லை. பொட்டாசியத்தின் 19வது எலக்ட்ரானுக்கு முன்னால் இரண்டு இடம் காலியாக இருக்கிறது: 3டி, 4எஸ். 4எஸ் ஆர்பிட்டாலின் ஒரு பகுதி அணுக்கருவை ஒட்டி உள்ளே வரை ஊடுருவுகிறது. அதனால் பொட்டாசியத்தில் 4எஸ்ஸின் ஆற்றல் 3டி-யை விடக் குறைவு. எலக்ட்ரான் அங்கே போய் உட்கார்கிறது. ஆகவே 2, 8, 8, 1. கால்சியம் 2, 8, 8, 2. அதற்குப் பிறகு ஸ்கேண்டியத்தில்தான் 3டி திறக்கிறது; மூன்றாவது கூட்டின் பாக்கிப் பத்து இடம் ஸ்கேண்டியம் முதல் துத்தநாகம் வரை நிரம்புகிறது.

இதைச் சொன்னதும் அவள் கேட்டாள்: "அப்ப எது எதுக்கு முன்னாடி வரும்னு ஒவ்வொண்ணா ஞாபகம் வெச்சுக்கணுமாக்கா?" வேண்டாம். அடுத்த படி அதற்குத்தான்.

4. அட்டவணையையே வரைபடமாக வைத்துக்கொள்ளுங்கள்

எல்லா கைடிலும் மூலைவிட்டமாக அம்பு போட்ட ஒரு படம் இருக்கும். நானும் அதைத்தான் மனப்பாடம் செய்திருந்தேன். தேர்வு அவசரத்தில் ஒரு அம்பு தப்பினால் அதற்குப் பிறகு எல்லாம் தப்பு, தப்பியது தெரியவும் செய்யாது. அதை விடுங்கள். அட்டவணையின் வடிவமே நிரப்பும் வரிசைதான்.

கட்ட நோட்டில் இப்படி வரையுங்கள். குறுக்கே 18 கட்டம், கீழ்நோக்கி 7 வரிசை. இடது ஓரம் 2 பத்தி. அது எஸ் பிளாக், ஒரு நிறம். வலது ஓரம் 6 பத்தி. பி பிளாக், இரண்டாவது வரிசையிலிருந்து தொடங்கும், இன்னொரு நிறம். நடுவில் 10 பத்தி. டி பிளாக், நான்காவது வரிசையிலிருந்துதான் தொடங்கும். கீழே தனியாக 14 கட்டம் கொண்ட இரண்டு பட்டை. எஃப் பிளாக், ஆறாவது ஏழாவது வரிசைக்குச் சொந்தம்.

2, 6, 10, 14. மேலே சொன்ன உள்கூட்டுக் கொள்ளளவுகள்தான் பத்தி எண்ணிக்கையாக நிற்கின்றன. இதை நானாகக் கவனித்த அன்று ஐந்து வருட எரிச்சல் தீர்ந்தது. எந்த வகுப்பிலும் ஒருவரும் விரல் வைத்துக் காட்டவில்லை.

இனி ஹைட்ரஜனில் தொடங்கி, புத்தகம் படிப்பது போல இடமிருந்து வலமாக, வரிசை வரிசையாகப் படியுங்கள். எஸ், பி கட்டங்களுக்கு வரிசை எண்ணையே போடுங்கள். டி கட்டங்களுக்கு வரிசை எண்ணில் ஒன்று குறைவு. எஃப் கட்டங்களுக்கு இரண்டு குறைவு.

முதல் வரிசை 1எஸ். இரண்டாவது 2எஸ், 2பி. மூன்றாவது 3எஸ், 3பி. நான்காவது 4எஸ், 3டி, 4பி. ஐந்தாவது 5எஸ், 4டி, 5பி. ஆறாவது 6எஸ், 4எஃப், 5டி, 6பி. ஏழாவது 7எஸ், 5எஃப், 6டி, 7பி. முடிந்தது. மனப்பாடம் செய்ததாகக் கணக்கு வைத்தால் "டி-க்கு ஒன்று குறை, எஃபுக்கு இரண்டு குறை" என்ற ஒரு வரிதான்.

எங்கே வழுக்கும் என்றால், நான்காவது வரிசையில் கை தானாக 4டி என்று எழுதிவிடும். அவள் முதல் தடவை அப்படித்தான் எழுதினாள், அழித்துவிட்டு மறுபடியும் அப்படியே எழுதினாள். கடைசியில் டி பிளாக்கின் தலைப்பில் சிவப்புப் பென்சிலால் "−1" என்று பெரிதாகப் போட்டு வைத்தோம். எஃப் பட்டைக்குப் பக்கத்தில் "−2". நீங்களும் போட்டுவிடுங்கள்.

ஹீலியம் உட்கார்ந்திருக்கும் இடமும் ஏமாற்றும். வலது ஓரத்தில் நியானுக்கு மேலே இருக்கிறது, ஆனால் அது 1எஸ்², அதாவது 1எஸ்ஸில் இரண்டு எலக்ட்ரான். மந்த வாயு என்பதால் அங்கே வைத்திருக்கிறார்கள். முதல் வரிசையில் பி கிடையவே கிடையாது.

ஆசிரியர் கேட்கும் "என் + எல்" விதியும் இதே வரிசையைத்தான் தரும். இதில் "என்" என்பது கூட்டு எண், "எல்" என்பது உள்கூட்டுக்கான எண் (எஸ் 0, பி 1, டி 2, எஃப் 3). கூட்டுத்தொகை குறைவானது முதலில் நிரம்பும். சமமானால் கூட்டு எண் சிறியது முதலில். 4எஸ் 4 + 0 = 4, 3டி 3 + 2 = 5. விடைக்குக் காரணம் எழுதச் சொன்னால் இதை எழுதுங்கள். விடையை அட்டவணையில் பாருங்கள்.

5. எழுதிப் பார்ப்பது, சுருக்கி எழுதுவது

சோடியம் 11: 1எஸ்² 2எஸ்² 2பி⁶ 3எஸ்¹. முதல் 20 தனிமங்களையும் இப்படி முழுதாக எழுதுங்கள். அலுப்பாக இருக்கும், ஆனாலும் எழுதுங்கள். கை பழகியபின் சுருக்கத்துக்கு வாருங்கள்.

சுருக்கம் என்றால் அந்தத் தனிமத்துக்கு முன்னால் வரும் மந்த வாயுவை அடைப்புக்குள் போட்டு, அங்கிருந்து தொடர்வது. ஹீலியம் 2, நியான் 10, ஆர்கான் 18, கிரிப்டான் 36, செனான் 54, ரேடான் 86. இந்த ஆறு எண்களும் தலைகீழாகத் தெரிய வேண்டும்.

பொட்டாசியம் 19: [ஆர்கான்] 4எஸ்¹.
இரும்பு 26: [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்².
புரோமின் 35: [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி⁵.
ஈயம் 82: [செனான்] 4எஃப்¹⁴ 5டி¹⁰ 6எஸ்² 6பி².

கல்லூரியில் நான் ஈயத்துக்கு எழுதியது [செனான்] 6எஸ்² 6பி². கூட்டினால் 58. நடுவில் 24 எலக்ட்ரானைக் காணோம்! வலது ஓரத்துத் தனிமம் என்றதும் நடுவில் இருக்கும் டி பாலத்தையும் கீழே தொங்கும் எஃப் பட்டையையும் தாண்டிக் குதித்துவிட்டேன். விரலை அட்டவணையில் வைத்து நகர்த்தினால் குதிக்க முடியாது. 56க்கு அடுத்து 72 என்று எண் தாவினால் கீழே போய் எஃப்பைச் சுற்றிவிட்டு வர வேண்டும் என்று அர்த்தம்.

இரும்புக்கு 3டி-யை முன்னாலும் 4எஸ்ஸைப் பின்னாலும் எழுதியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். நிரப்பியது 4எஸ் முதலில்தான். நிரப்பி முடித்தபின் கூட்டு எண் வாரியாக அடுக்கி எழுதியிருக்கிறேன். ஏழாவது படியில் இந்தப் பழக்கம் உங்களைக் காப்பாற்றும். இப்போதே பழகுங்கள்.

6. பெட்டிப் படமும், அடம்பிடிக்கும் இரண்டு தனிமங்களும்

ஒவ்வொரு ஆர்பிட்டாலுக்கும் ஒரு பெட்டி, ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் ஒரு அம்பு. ஒரே பெட்டியில் இரண்டு அம்பு வந்தால் ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி. இது பௌலி தவிர்க்கைத் தத்துவம். சம ஆற்றலுள்ள பெட்டிகளில் முதலில் ஆளுக்கொரு பெட்டி, அதன்பிறகுதான் ஜோடி. இது ஹுண்ட் விதி. டவுன் பஸ்ஸில் ஏறுகிறவர்கள் காலியாக இருக்கும் இருவர் சீட்டாகப் பார்த்துத் தனித்தனியாக உட்காருவதைச் சொல்லித்தான் எல்லோரும் விளக்குவார்கள். சரிதான், ஆனால் அந்த உவமை பாதியைச் சொல்லாது: தனியாக உட்கார்ந்த அத்தனை அம்பும் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். நைட்ரஜனின் 2பி³க்கு ↑ ↑ ↑ சரி. ↑ ↓ ↑ தவறு.

இரும்பின் 3டி⁶: ↑↓ ↑ ↑ ↑ ↑. தனித்த எலக்ட்ரான் நான்கு. டி பெட்டி ஐந்தையும் காலியாக இருந்தாலும் வரையுங்கள். பெட்டி எண்ணிக்கை குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும்.

அடுத்து குரோமியமும் தாமிரமும். அட்டவணையில் விரல் வைத்துப் படித்தால் குரோமியம் 24க்கு 3டி⁴ 4எஸ்² வரும். உண்மையில் [ஆர்கான்] 3டி⁵ 4எஸ்¹. தாமிரம் 29க்கு 3டி⁹ 4எஸ்² இல்லை. [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்¹. காரணம் எழுதச் சொன்னால் சரிபாதி நிரம்பியதும் முழுதும் நிரம்பியதும் கூடுதல் நிலைப்புத்தன்மை கொண்டவை என்று எழுதி, பரிமாற்ற ஆற்றலைச் சேருங்கள். ஒரே திசைச் சுழற்சியுள்ள எலக்ட்ரான்கள் தங்களுக்குள் இடம் மாற்றிக்கொள்ளக்கூடிய ஜோடிகள் டி⁴இல் 3 + 2 + 1 = 6, டி⁵இல் 4 + 3 + 2 + 1 = 10. இந்தக் கணக்கு ஒரு வரி, எழுதினால் திருத்துகிறவர் நின்று பார்ப்பார்.

இந்த விதிவிலக்கைத் தெரிந்துகொண்ட மறுநாள் எல்லோருக்கும் ஒரு வியாதி வரும்: கண்ட இடத்திலெல்லாம் எலக்ட்ரானைத் தூக்கிப் போடுவது. கார்பனுக்கு 2எஸ்¹ 2பி³, ஃபுளூரினுக்கு 2எஸ்¹ 2பி⁶ என்றெல்லாம் எழுதி வருவார்கள். தப்பு. கார்பனின் அடிநிலை (ஆற்றல் மிகக் குறைந்த நிலை) 2எஸ்² 2பி², ஃபுளூரினுக்கு 2எஸ்² 2பி⁵. எஸ்ஸுக்கும் அதே கூட்டின் பி-க்கும் உள்ள ஆற்றல் இடைவெளி பெரிது. 4எஸ், 3டி மாதிரி ஒட்டிக்கொண்டு இல்லை.

குரோமியத்துக்குக் கீழே இருக்கும் மாலிப்டினமும் அதே பாட்டைத்தான் பாடும்: 4டி⁵ 5எஸ்¹. அதற்கும் கீழே டங்ஸ்டன் பாடாது: 5டி⁴ 6எஸ்². தாமிரத்துக்குக் கீழே வெள்ளி, தங்கம் இரண்டும் தாமிரத்தைப் போலவே டி¹⁰ எஸ்¹. பல்லேடியம் 46க்கு [கிரிப்டான்] 4டி¹⁰, 5எஸ்ஸே காலி. எஃப் பட்டையில் லாந்தனம் 57 முதல் அடியிலேயே [செனான்] 5டி¹ 6எஸ்² என்று விலகும். பிளஸ் ஒன் அளவில் குரோமியமும் தாமிரமும் கட்டாயம். மற்றவை கேள்வியில் வந்தால் திகைக்காமல் இருக்க.

7. அயனிகள்: அடுத்த சிவப்பு வட்டம் இங்கேதான்

இரும்பு 2+ அயனிக்கு நான் எழுதியது [ஆர்கான்] 3டி⁴ 4எஸ்². கடைசியாக நிரம்பியது 3டி, ஆகவே முதலில் காலியாவதும் 3டி என்று எனக்குத் தோன்றியது நியாயம்தான். ஆனால் காலி செய்யும் வரிசை, நிரப்பிய வரிசையின் தலைகீழ் அல்ல. கூட்டு எண் எதற்குப் பெரியதோ அங்கிருந்துதான் முதலில் எலக்ட்ரான் போகும். 3டி-யில் எலக்ட்ரான் சேரத் தொடங்கியதும் அணுக்கரு அவற்றை இன்னும் இறுக்கிப் பிடிக்கிறது. வெளியே நிற்பது 4எஸ்.

ஐந்தாவது படியில் கூட்டு எண் வாரியாக அடுக்கச் சொன்னது இதற்காகத்தான். அப்படி எழுதியிருந்தால் வலது ஓரத்திலிருந்து கழற்றிக்கொண்டே வரலாம்.

இரும்பு: [ஆர்கான்] 3டி⁶ 4எஸ்².
இரும்பு 2+: [ஆர்கான்] 3டி⁶.
இரும்பு 3+: [ஆர்கான்] 3டி⁵.

ஈயம் 2+ என்றால் வலது ஓரத்து 6பி² போகும், 6எஸ்² நிற்கும். ஈயம் 4+ என்றால் 6எஸ்²ம் போகும். எதிர் அயனிக்குக் கஷ்டமே இல்லை. பி-யில் சேர்த்துக்கொண்டே போய் மந்த வாயுவில் நிறுத்துங்கள்.

இதோடு ஒட்டி வரும் கேள்வி: ஒரே எண்ணிக்கை எலக்ட்ரான் கொண்டவற்றை அளவு வாரியாக வரிசைப்படுத்து. நைட்ரைடு 3−, ஆக்சைடு 2−, ஃபுளூரைடு 1−, சோடியம் 1+, மெக்னீசியம் 2+, அலுமினியம் 3+, எல்லாவற்றிலும் 10 எலக்ட்ரான். புரோட்டான் எண்ணிக்கை 7லிருந்து 13 வரை ஏறுகிறது. அதே பத்துப் பேரை இழுக்கும் கை வலுக்க வலுக்க அயனி சிறுக்கும். நைட்ரைடு பெரியது, அலுமினியம் 3+ சிறியது.

8. நான்கு குவாண்டம் எண்கள்

அரைமணி நேரத்துக்கு மேல் இதில் செலவிடாதீர்கள். என் என்பது கூட்டு எண். எல் என்பது உள்கூடு: எஸ்ஸுக்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2, எஃபுக்கு 3; "எல்" மதிப்பு "என்" மதிப்பை விட எப்போதும் குறைவு. எம் என்பது எந்தப் பெட்டி: −எல் முதல் +எல் வரை. தற்சுழற்சி எண் +½ அல்லது −½.

கேள்வி பெரும்பாலும் "இவற்றில் சாத்தியமில்லாதது எது" என்றுதான் வரும். முதலில் "என்" மதிப்பையும் "எல்" மதிப்பையும் ஒப்பிடுங்கள். என் 3, எல் 3 என்றால் அங்கேயே அடித்துவிடலாம். 3எஃப் என்று ஒன்று கிடையாது. பிறகு எம், எல்லின் வரம்புக்குள் இருக்கிறதா பாருங்கள். நீட்டில் சரியான விடைக்கு 4, தவறுக்கு 1 கழியும். இந்தக் கேள்வி தெரிந்தவர்களுக்கு இலவச நான்கு. தற்சுழற்சி எண்ணுக்கும் எஸ் என்ற எழுத்து, உள்கூட்டுக்கும் எஸ் என்ற எழுத்து. இந்தப் பெயர்க் குழப்பத்தில் நான் ஒரு முழு மாலையைத் தொலைத்திருக்கிறேன். தற்சுழற்சி எண் எழுதும்போது அடியில் சின்னக் குறியீடு சேர்த்து எழுதிப் பழகுங்கள்.

9. எழுதிய அமைப்பைப் படிப்பது

எழுதத் தெரிந்து படிக்கத் தெரியாமல் இருந்தால் பாதிக் கிணறுதான். வேதிவினைகளில் பெரும்பாலும் வேலை செய்வது வெளிக்கூட்டில் இருக்கும் எலக்ட்ரான்கள். உள்ளே நிரம்பிய கூடுகள் அசையாது. அசையாது என்பதற்கு எண் சாட்சி இருக்கிறது. சோடியத்திலிருந்து முதல் எலக்ட்ரானைக் கழற்ற மோலுக்கு 496 கிலோஜூல். இரண்டாவதைக் கழற்ற 4562. 3எஸ்¹ போனதும் அடுத்தது நியான் மாதிரி நிரம்பிய 2பி-யில் கை வைக்க வேண்டும், அதனால்தான் இந்தத் தாவல். மெக்னீசியத்துக்கு 738, 1451, பிறகு 7733. இரண்டுக்குப் பிறகு தாவுகிறது; 3எஸ்². தாவல் எங்கே என்று பார்த்தால் இணைதிறன் எலக்ட்ரான் (வெளிக்கூட்டு எலக்ட்ரான்) எத்தனை என்று தெரிந்துவிடும். 578, 1817, 2745, 11577 என்று கொடுத்து தனிமம் எந்தத் தொகுதி என்று கேட்டால் மூன்றுக்குப் பிறகு தாவுகிறது, 13வது தொகுதி. இது அலுமினியம்.

ஒரே ஒரு எலக்ட்ரான் என்ன வித்தியாசம் செய்யும் என்பதற்கும் சோடியமே போதும். 3எஸ்¹ இருக்கும் உலோகத் துண்டை நீரில் போட்டால் சீறிப் பாய்ந்து தீப்பற்றும். அது போய்விட்ட சோடியம் அயனியைத்தான் தினமும் சாதத்தில் போட்டுச் சாப்பிடுகிறோம்.

அந்த 3எஸ் எலக்ட்ரானைச் சமையலறையில் கண்ணால் பார்க்கலாம். உப்புப் போட்ட ரசம் பொங்கி அடுப்பில் வழியும்போது நீலச் சுடர் சட்டென்று மஞ்சளாகும். சூட்டில் 3எஸ்ஸிலிருந்து 3பி-க்கு ஏறிய எலக்ட்ரான் இறங்கும்போது விடும் ஒளி அது, அலைநீளம் சுமார் 589 நானோமீட்டர். அவள் அம்மா திட்டுவதற்குள் இரண்டு தடவை பொங்கவிட்டுப் பார்த்தோம். (வேண்டுமென்றே செய்வதானால் கம்பியில் உப்பைத் தொட்டுச் சுடரில் காட்டினாலே போதும். ரசம் மிச்சம்.)

டி எலக்ட்ரானுக்கு உதாரணம் மயில்துத்தம் (தாமிர சல்ஃபேட்). தாமிரம் 2+, 3டி⁹, நீலம். பக்கத்திலேயே துத்தநாக சல்ஃபேட்டை வைத்துப் பாருங்கள். துத்தநாகம் 2+, 3டி¹⁰, வெள்ளை. டி-யில் ஒரு இடம் காலி இருப்பதால் எலக்ட்ரான் தாவ வழி இருக்கிறது, கண்ணுக்குத் தெரியும் ஒளியை உறிஞ்சுகிறது. நிரம்பிவிட்டால் தாவ இடமில்லை. ஆனால் மயில்துத்தத்தைச் சூடாக்கி நீரை ஓட்டிவிட்டால் அதுவும் வெளுத்துப்போகும். 3டி⁹ அப்படியேதான் இருக்கும். சுற்றியிருந்த நீர் மூலக்கூறுகள்தான் போயிருக்கும். அந்தக் கதை பிளஸ் டூவில் வரும்.

10. தேர்வு அறையில்

நீட்டில் அட்டவணை கையில் தர மாட்டார்கள், கொண்டுபோகவும் முடியாது. ஆகவே உட்கார்ந்ததும் ரஃப் வேலைக்கான இடத்தில் எலும்புக்கூட்டை மட்டும் வரையுங்கள்: இடது 2, வலது 6, நடு 10, கீழே 14; தலைப்பில் −1, −2; வலது ஓரத்தில் 2, 10, 18, 36, 54, 86. தனிமப் பெயர் ஒன்றும் வேண்டாம். முதல் நாள் அவளுக்கு இதை வரைய நான்கு நிமிடம் ஆனது. மூன்றாம் நாள் ஐம்பது விநாடி. நேரம் பார்த்து வரைந்து பழகுங்கள்; ஒரு நிமிடத்துக்குள் வந்தால் போதும்.

மூன்றாம் நாள் மாலை அவளுக்குக் கொடுத்தவை இந்த எட்டு. விடையை மறைத்துவிட்டு எழுதுங்கள்: ஆர்செனிக் 33, நிக்கல் 2+, குரோமியம் 3+, தாமிரம் 1+, மாங்கனீசு 2+, வெள்ளி 47, வெள்ளீயம் 2+, அயோடைடு 1−.

ஆர்செனிக்: [ஆர்கான்] 3டி¹⁰ 4எஸ்² 4பி³.
நிக்கல் 2+: [ஆர்கான்] 3டி⁸.
குரோமியம் 3+: [ஆர்கான்] 3டி³.
தாமிரம் 1+: [ஆர்கான்] 3டி¹⁰.
மாங்கனீசு 2+: [ஆர்கான்] 3டி⁵.
வெள்ளி: [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்¹.
வெள்ளீயம் 2+: [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்².
அயோடைடு: [கிரிப்டான்] 4டி¹⁰ 5எஸ்² 5பி⁶, அதாவது செனானின் அமைப்பு.

அவள் ஏழு சரியாகப் போட்டாள். தப்பியது ஆர்செனிக், 3டி¹⁰ விட்டுப்போயிருந்தது. கூட்டிப் பார்த்தாயா என்று கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு கூட்டினாள்: 23.